கொடி நட்ட இடமெல்லாம்

பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் முதல் வேலை நாற்றத்தை மூடுவது. இதை பிலோமிக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தில்லியின் மதராசி கேம்ப்பில் பிறந்து, சாக்கடை ஓரத்தில் வளர்ந்து, பன்னிரண்டு வயதில் துடைப்பம் பிடித்தவளுக்கு அது கை தானாகச் செய்கிற காரியம். கார் நிற்கிற இடத்தில் புது மண் கொட்ட வேண்டும். சாப் நடக்கிற வழியில் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். மூக்கைச் சுளிப்பார் என்று தோன்றுகிற மூலையில் ஒரு கூடை பிளீச்சிங் பவுடர் வீச வேண்டும். வந்தவர் சுற்றிப் பார்த்து, "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டுப் போனால் அன்றைய பிழைப்பு தப்பியது.

அதனால்தான் அந்த ஜனவரியில் குப்பை மலைமேல் நாற்பத்திரண்டு சிவப்புக் கொடிகளை நட்டுவிட்டு ஆட்கள் போனபோது, அங்கே வேலை பார்க்கிற பிலோமி உட்பட ஆறு பேருக்கும் எந்தக் குழப்பமும் வரவில்லை.

"கொடி எங்க இருக்கோ அங்கதான் சாப் நிப்பாரு," என்றான் சிவகுமார். கான்ட்ராக்டரின் மேஸ்திரி அவன். அவனும் கேம்ப்பில் பிறந்தவன்தான். "சயின்டிஸ்ட்டாம். அஞ்சு நாள் வர்றாராம். அந்த எடத்துல ஒரு வெடிப்பு, ஒரு பொத்தல் கண்ணுல படக்கூடாது. ஏதாவது கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா ஆறு பேரும் ஊட்டுக்குப் போக வேண்டியதுதான்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு."

"ஊடு எங்கடா இருக்குது போறதுக்கு? அதத்தான் இடிச்சிட்டானுங்களே," என்றாள் மேகலா.

எல்லாரும் சிரித்தார்கள். பிலோமியும் சிரித்தாள். கேம்ப் இடிபட்ட பிறகு அவளுக்கு நரேலாவில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. ஜங்புராவில் அவள் வேலை செய்துவந்த ஐந்து வீடுகளுக்கு அங்கிருந்து போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். ஒரு மாதத்துக்குள் ஐந்து வீடும் வேறு ஆள் வைத்துக்கொண்டன. அதன்பின் பதினொரு வாரம் சும்மா கிடந்தாள். சிவகுமார்தான் கான்ட்ராக்டரிடம் சொல்லி இந்த மலையில் சேர்த்துவிட்டான். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த வேலையும் போனால் அடுத்தது எது என்று யோசித்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

ஆகவே, முதல் நாள் காலை ஏழு மணிக்கே மண்வெட்டியோடு ஏறினாள். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரியவில்லை. டிப்பர் லாரி கொட்டிவிட்டுப் போன களிமண்ணில் தண்ணீர் ஊற்றி மிதித்தார்கள். குழைந்த மண்ணைக் கொடியைச் சுற்றி இருந்த வெடிப்புகளில் திணித்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டி வழவழவென்று பூசினார்கள். மேலே சுண்ணாம்புத் தூளால் ஒரு வட்டம். மலையில் தரை வெதுவெதுப்பாக இருக்கிற இடங்கள் உண்டு. குளிருக்கு அங்கேதான் உட்கார்ந்து ரொட்டி தின்பார்கள். அந்த இடங்களில் வெடிப்பும் அதிகம். ஆகவே அங்கே பூச்சும் இரண்டு மடங்கு.

"எங்க மாரியம்மன் கோயில்ல கூட இப்படி மொழுவுனதில்லடி," என்றாள் மேகலா இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

பத்து மணிக்கு ஜீப்பில் வந்தவர் சந்திரமௌலி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரங்குக் குல்லா, மப்ளர், மூக்கில் நீர். கூட ஆராய்ச்சி செய்கிற இரண்டு பெண்கள். அவர்கள் கொண்டுவந்தது கவிழ்த்த அண்டா மாதிரி ஒரு எவர்சில்வர் பாத்திரம். அதைக் கொடிக்குப் பக்கத்தில் தரையோடு அழுத்தி வைத்து, விளிம்பில் காற்று போகாதபடி மண் அணைத்து, மேலிருந்து ஒரு குழாயைச் சின்னப் பெட்டிக்குக் கொடுத்தார்கள். பெட்டியில் எண்கள் ஓடின. ஒரு கொடிக்கு இருபது நிமிடம். மண் அணைக்கிற வேலை பிலோமிக்கு வந்தது.

மேகலாவிடம் அவள் ஏதோ சொன்னதைக் கேட்டு சந்திரமௌலி திரும்பினார்.

"அட, தமிழா? எந்த ஊரும்மா?"

"கேம்ப்பு சார். ஜங்புரா."

"அது சரி. தமிழ்நாட்டுல?"

"அப்பாம்மா கள்ளக்குறிச்சி பக்கம் சார். நான் கேம்ப்புதான்."

"நான் லோதி ரோடு. ரெண்டு பேருமே ஊர் இல்லாதவா," என்று சிரித்தார். பிறகு சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்து, "எதுக்கும்மா இதெல்லாம்? நானென்ன கல்யாண மாப்பிள்ளையா?" என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மறுநாள் இன்னும் கெட்டியாகப் பூசினார்கள்.

நாலு நாள் இப்படி ஓடியது. பெட்டியில் வந்த எண்கள் சின்னவையாகவே இருந்தன. சந்திரமௌலி ஒவ்வொரு கொடியிலும் உதட்டைப் பிதுக்கினார். அவர் குறையாக ஒன்றும் சொல்லவில்லை என்று சிவகுமார் கான்ட்ராக்டருக்கு போனில் சொன்னான். எல்லாருக்கும் நிம்மதி.

ஐந்தாம் நாள் பனி விலகி வெயில் வந்தது. அன்றைக்கு ஜீப்பிலிருந்து வேறு ஒரு கருவி இறங்கியது. எங்கேயோ இரவல் வாங்கிய கேமராவாம். ஒரே ஒரு நாளுக்குத்தான் கிடைத்ததாம். அதன் முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு உச்சிவரை ஏறியது பிலோமி. இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றவள், சந்திரமௌலி கேமராவில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. மனுஷர் மூக்கைக்கூடத் துடைக்கவில்லை.

"என்னா சார் தெரியுது?"

"பார்க்கறேளா? வாங்கோ."

பிலோமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

உள்ளே வேறு ஒரு மலை இருந்தது.

நிறம் கிடையாது, சாம்பலும் வெளுப்பும் கறுப்பும்தான். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கீழ்ச் சரிவில் ஏதோ அசைந்தது. ஒரு வெடிப்பிலிருந்து கறுப்பாக எழுந்தது. புகை மாதிரி, ஆனால் புகைக்கு இவ்வளவு வேகம் கிடையாது. மூடியைத் தள்ளிக்கொண்டு உலை பொங்குகிற வேகம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே பத்து. கண் பழகப் பழகச் சரிவு முழுவதும் வாய்கள் திறந்தன. நூறு வாய், ஆயிரம் வாய், அத்தனையும் ஒரே நேரத்தில் ஊதின. ஊதியது எல்லாம் மேலே போய் ஒன்றோடு ஒன்று பின்னி, யமுனை அகலத்துக்கு ஒரு ஆறு எழுந்து நின்று வானத்துக்குள் பாய்ந்தது.

கண்ணை எடுத்தாள். வெயில். குப்பை. முள்ளில் மாட்டிய பிளாஸ்டிக் உறைகள் படபடத்தன. காற்று கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

மறுபடி குனிந்தாள். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பருந்து வட்டம் போட்டு இறங்கி அந்தக் கறுப்புக்குள் முழுகி, மறுபக்கம் வெளியே வந்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலே மறுபடி முழுகியது.

"இயேசுவே," என்றாள் பிலோமி. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

"மீத்தேன்," என்றார் சந்திரமௌலி. "அழுகறதுலேருந்து வர்ற வாயு. பைப்புல வந்து அடுப்புல எரியறதே, கிட்டத்தட்ட அதேதான். கண்ணுக்குத் தெரியாது, இந்தக் கேமராவுக்குத் தெரியும். இதுக்கு வாசனையும் கிடையாது. நாத்தம் வேற கேஸோடது."

"எதுலேருந்து சார் இம்மாம் வருது?"

"சோறுலேருந்து. காய்கறித் தோல்லேருந்து. கல்யாணத்துல மிஞ்சின பூரிலேருந்து. முப்பது வருஷம் முன்னாடி தில்லி தின்னுட்டு மிச்சம் வெச்சது உள்ள இன்னும் அழுகிண்டிருக்கு."

ஐந்து வீடுகளின் பக்கெட்டுகள் பிலோமியின் நினைவுக்கு வந்தன. புளித்த தயிர், பூசணம் பிடித்த பிரெட், பிள்ளைகள் தொடாமல் வைத்த ராஜ்மா. தன் கையால் எத்தனை ஆயிரம் பக்கெட் கவிழ்த்திருப்பாள்! கவிழ்த்ததோடு தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தாள். ஒன்றும் தீரவில்லை. எல்லாம் இங்கே வந்து படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"மேல போய் என்னா ஆவும் சார்?"

"உலகத்துக்குப் போர்த்தின கம்பளி மாதிரி ஆகும். வெயில் சூட்டை வெளில விடாது. கார் புகைல வர்ற கரியமில வாயு இருக்கே, அதைவிட இது இருபத்தெட்டு மடங்கு மோசம், நூறு வருஷக் கணக்குல பார்த்தா. எதெது எவ்ளோ விடறதுன்னு ஒவ்வொரு தேசமும் எழுதிக் குடுக்கணும். எப்படிக் குறைக்கப் போறோம்னும் எழுதணும். இந்த மலையோட எண் என் கைலேருந்து அமைச்சகத்துக்குப் போகும். எல்லா மலையும், எல்லா வயலும், எல்லா மாடும் சேர்ந்து இந்தியாவோட எண். உலகம் பூரா படிக்கும்."

"நம்மளே எழுதிக் குடுக்குறதா? அவங்க யாரும் வந்து பாக்க மாட்டாங்களா?"

"மேலேருந்து சாட்டிலைட் பார்க்கும். ஆனா மொதல்ல நாம சொல்றதுதான். நம்ம வாயால."

தான் மிதித்து நிற்கிற இந்த நாற்றம் பிடித்த மேட்டைப் பற்றி எங்கோ முகம் தெரியாத தேசத்தில் ஒருவன் உட்கார்ந்து படிப்பான் என்பதை பிலோமியால் நம்ப முடியவில்லை. காலடியைப் பார்த்தாள். பிய்ந்த பூட்ஸ். அதற்குக் கீழே அந்த ஆறு.

"இதைப் பிடிக்க முடியாதா சார்?"

"பேஷா முடியும். உள்ள குழாய் எறக்கி உறிஞ்சி எரிச்சு கரண்ட் எடுக்கலாம். உறிஞ்சிட்டா மலை தீப்பிடிக்கறதும் குறையும். ஆனா..." கேமராவை மெதுவாகத் திருப்பினார். "இங்க பாருங்கோ."

உச்சியின் சமதளம் தெரிந்தது. கொடிகள் தெரிந்தன. ஒவ்வொரு கொடியைச் சுற்றியும் வெளிறிய ஒரு வட்டம். வட்டத்துக்குள் எதுவும் இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி சலனமே இல்லை. வட்டத்தைத் தாண்டி இரண்டு முழம் தள்ளி, வாயைப் பொத்தினால் மூக்கால் வருகிற மாதிரி, கறுப்பு பீறிட்டுக்கொண்டிருந்தது.

"நாலு நாளா எனக்கு மண்டை காயறது," என்றார் சந்திரமௌலி. "இன்னிக்குப் பார்த்தா சரிவுல இவ்ளோ வர்றது. மேல நாப்பத்திரண்டு எடத்துலயும் ஒண்ணும் இல்லேங்கறது பொட்டி. கொடிக்குப் பக்கத்துல தெரியறது சரிவுலேருந்து அடிச்சிண்டு வர்றதா இருக்கும். கேமரா படம் காட்டும், அளவு சொல்லாது. அளவு சொல்றது பொட்டிதான். அதைத்தான் நான் எழுத முடியும். மேல்பாகம் செத்துப்போச்சு, இங்க குழாய்க்கு செலவழிக்க வேண்டாம்னு எழுதப் போறேன். நாளன்னிக்கு மீட்டிங்."

பிலோமி நிமிர்ந்தாள். நாற்பத்திரண்டு வட்டத்தையும் அவளுக்குத் தெரியும். எது தன் கைப் பூச்சு, எது மேகலாவுடையது என்றுகூடச் சொல்வாள்.

"தண்ணி குடிச்சிட்டு வர்றன் சார்," என்று இறங்கினாள்.

சிவகுமார் தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவன் முகம் கறுத்தது.

"அக்கா, உனக்கு என்னா பைத்தியமா? எழுதிட்டுப் போகட்டும். நமக்கு என்னா வந்துச்சு?"

"பொய்யி எழுதப் போறாருடா. நம்ம பூசுன பொய்யி."

"இத்தினி வருசமா எத்தினி சாப்புக்குப் பூசுனோம்? அப்பல்லாம் இல்லாத பொய்யி இப்ப எங்கேந்து வந்துச்சு?"

பிலோமியின் நாக்கில் இருந்தது ஒன்றே ஒன்று. "நீ பாக்கல சிவா. நான் பாத்தன்."

"பாத்தா?"

"பாத்துட்டு எப்படிடா சும்மா இருக்குறது?"

சிவகுமார் இடது முழங்கையைச் சொறிந்தான். போன சித்திரையில் மலை ஒன்பது நாள் எரிந்தபோது வெந்த இடம்; தோல் இன்னும் பளபளவென்று சுருங்கிக் கிடந்தது. குரலைத் தாழ்த்தினான். "கான்ட்ராக்டர் உன்னைய மட்டும் அனுப்ப மாட்டான்கா. என்னையும் கேப்பான். நான்தானே உன்னைய சேத்துவுட்டன்? பதினோரு வாரம் பட்டினி கெடந்தியே, மறந்துட்டியா? வாய மூடிக்கினு போ."

மறக்கவில்லை. அந்தப் பதினொரு வாரத்தில் அரிசி டப்பாவின் அடி எழுப்பிய சத்தம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. இவன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது. அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தாலும் வராது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். லாரியில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். சிவகுமார், "அக்கா! அக்கா!" என்று பின்னாலேயே வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

பதினேழாம் கொடி அவள் பூசியது. நாற்பத்திரண்டிலும் அழகானது அதுதான். காலை அகட்டி நின்று மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். காய்ந்த களிமண் ஓடு மாதிரி உடைந்தது. இரண்டாவது வெட்டில் பாளம் பெயர்ந்து, கீழே கையை நுழைக்கிற அகலத்துக்கு வெடிப்பு திறந்தது. முகத்தில் வெதுவெதுப்பாக ஒன்று அடித்தது. விலகி நின்றாள்.

"என்ன பண்றேள்? மாதிரி எடுக்கற எடம்மா அது!" சந்திரமௌலி கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"கேமராவுல பாருங்க சார்."

"அதை எதுக்கு..."

"பாருங்க சார். அப்பால திட்டுங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் திரும்பிப் போய்க் குனிந்தார். கூட வந்த பெண்களில் ஒருத்தி பெட்டியின் குழாயை வெடிப்புக்கு நேரே நீட்டி, ஓடிய எண்களைப் பார்த்து, "ஹே பக்வான்!" என்றாள். வெறுங்கண்ணுக்குப் பதினேழாம் கொடி குளிர்காலத்து வெயிலில் சும்மா நின்றிருந்தது. பிலோமிக்கு மட்டும் அது இனிச் சும்மா தெரியாது. கொடிக்கு மேலே எவ்வளவு உயரம் போகிறதென்று அண்ணாந்து பார்த்தாள்.

சந்திரமௌலி வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார். குல்லாவைக் கழற்றினார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்துலயுமா?"

"நாப்பத்திரண்டுலயும் சார். தெனம் காலையில. கொடி நட்ட எடமெல்லாம்."

"யாரு சொன்னா பூசச் சொல்லி?"

சிவகுமார் மூன்றடி பின்னால் நின்றிருந்தான்.

"யாரும் சொல்லல சார். பழக்கம். பெரியவங்க வர்றாங்கன்னா மூடி வெப்போம். நீங்க அசிங்கத்தப் பாக்கத்தான் வந்தீங்கன்னு எங்களுக்குத் தெரியல."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுப்பினார். "நானும் பார்த்தேனேம்மா அந்த மண்ணை! என் கையால தொட்டேன். மலை முழுக்க மண் போட்டு மூடியாச்சுன்னு ஆபீஸ் பேப்பர்ல இருந்தது. அதுதான் இதுன்னு நெனச்சேன். ஒரு தடவை பத்தடி தள்ளி வெச்சுப் பார்த்திருக்கணும். முப்பது வருஷம் சர்வீஸ் எனக்கு."

போனை எடுத்தார். மீட்டிங்கைத் தள்ளிப்போடச் சொல்லி இந்தியில் பேசினார். எதிர்முனை என்ன சொன்னதோ, "என் பெயரில் தப்பான எண் போகாது," என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்று மணிக்கு சிவகுமாரின் போன் அடித்தது; கான்ட்ராக்டர். தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தவன் பிலோமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைலேந்து உன்ன வரவேணான்னுட்டாரு. என்னய வெச்சிக்கிறாராம்."

"செரி," என்றாள்.

"நான் சொன்னன்ல? சொன்னன்ல அக்கா?" அவன் குரல் உடைந்தது. "எதுக்கு என் பேர சொல்லல?"

"போடா. மண்வெட்டிய எடுத்து வெய்யி."

ஜீப்புக்கு முக்காலியை இறக்கிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடக்க இருந்தவளை சந்திரமௌலி கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"எல்லாத்தையும் ஒடைச்சு, ரெண்டு நாள் காத்தாட விட்டு, மறுபடி அளக்கணும். பூசின எடம் எது, பூசாத எடம் எதுன்னு தெரிஞ்ச ஆள் வேணும். எங்க இன்ஸ்டிட்யூட் தினக்கூலி. பத்து நாள். பதினோராம் நாளைக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"குழாய் போடுவாங்களா சார்?"

"அதுவும் என்னால சொல்ல முடியாது. எண் சரியா இருந்தா கேக்கலாம்."

பிலோமி யோசித்தாள். பத்து நாளுக்கு அப்புறம் மறுபடி அரிசி டப்பாவின் அடி தெரியும். அது நிச்சயம். "நாளைக்கு எத்தினி மணிக்கு சார்?" என்றாள்.

இரண்டு நாள் உடைத்தாள், இரண்டு நாள் மலையைச் சும்மா விட்டார்கள், ஐந்தாம் நாள் எவர்சில்வர் பாத்திரம் மறுபடி ஏறியது. பதினேழாம் கொடியில் முன்பு பெட்டி இருபது நிமிடத்துக்குக் காட்டிய எண், இப்போது அரை நிமிடத்தில் தாண்டிப் போயிற்று. சந்திரமௌலி குனிந்து நோட்டில் எழுதுவதும் நிமிர்ந்து மலையைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நாற்பத்திரண்டாம் கொடி உச்சியின் விளிம்பில். அங்கே வந்து சேர எட்டாம் நாள் மத்தியானம் ஆகிவிட்டது. பிலோமி மண்டியிட்டு விளிம்பில் மண் அணைத்தாள். பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெறும் தகடுதான். ஆனால் அதற்குள் என்ன ஏறிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கீழே தில்லி, வெயிலில் மங்கி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடந்தது. மூன்று கோடிப் பேர் தின்றுகொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மேகலாவும் மற்றவர்களும் வேடிக்கை பார்க்க ஏறி வந்தார்கள். சிவகுமாரும் கடைசியாக வந்து, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். பெட்டியில் எண்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு ஓடின. நூறுகளில் இருந்தது ஆயிரங்களுக்குப் போயிற்று.

"எவ்ளோடி வந்துருக்கு?" என்றாள் மேகலா, கோயிலுக்குள் பேசுகிற குரலில்.

பிலோமி பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் நிக்கலடி."